கூடம் கூட்டமான கதை: எழுதுகிறவருக்கு எந்தச் சுவிட்ச்?

சென்ற ஆண்டு நான் தட்டச்சு செய்து கொடுத்த ஒரு நூலின் மெய்ப்பில், பழைய வீடொன்றின் நடுக்கூடத்தைப் பற்றிய பத்தியில், "கூடம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "கூட்டம்" என்று மூன்று முறை வந்திருந்தது. பிழைதிருத்தி அதைப் பிடிக்கவில்லை. கூட்டமும் சரியான சொல்தானே. என் கவனக்குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த வாரமே "படம்" என்பது "பட்டம்" ஆயிற்று, "பாடு" என்பது "பாட்டு" ஆயிற்று. அப்போதுதான் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. தமிழ்99 என்னும் விசைப்பலகை முறையில் ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்தின்மேல் புள்ளி தானாக விழுந்துவிடும். டகரம் வரும் விசையை நான் ஒரு முறைதான் தட்டியிருக்கிறேன்; அதன் அடியில் இருந்த சுவிட்ச் அதை இரண்டாக எண்ணிக் கணினிக்கு அனுப்பியிருக்கிறது. ஆங்கிலத்தில் தட்டுகிறவருக்கு இது உடனே கண்ணில் உறுத்தும் பிழை. தமிழ்99இல் தட்டுகிறவருக்கோ அது நல்ல தமிழ்ச் சொல்லாக மாறுவேடம் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது.

அந்த விசைப்பலகையில் சுவிட்சுகள் சுற்றுப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. கெட்டது ஒன்றுதான் என்றாலும், பற்றவைப்புக் கருவியை எடுக்கத் தெரியாதவர் முழுப் பலகையையும் மாற்ற வேண்டியதுதான். புதியது வாங்கலாம் என்று விசாரித்தபோது எல்லோரும் முதலில் கேட்டது சுவிட்சின் நிறத்தைத்தான்: "சிவப்பா, பழுப்பா, நீலமா?" புடவைக் கடையில் நிற்பதுபோல் இருந்தது. பின்னர் பல வகைகளைத் தட்டிப் பார்த்தும் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தும் நான் வந்து சேர்ந்த இடம் இது: நாள் முழுவதும் எழுதுகிறவர் கேட்க வேண்டிய கேள்விகளில் நிறம் இல்லை. விசை கீழே இறங்கும் பாதையில் எழுத்து எந்த இடத்தில் பதிவாகிறது, பதிவாகிவிட்டது என்பதை விரல் எப்படி அறிகிறது, கெட்டுப்போனால் எதை மாற்ற வேண்டும் என்னும் மூன்று கேள்விகளே தேர்வைத் தீர்மானிக்கின்றன. ஓசையும் முக்கியம்தான், ஆனால் அது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர்களின் கேள்வி.

அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் காணப்படும் சாதாரண விசைப்பலகையைத் திறந்தால் உள்ளே சுவிட்ச் என்று தனியாக எதுவும் இருக்காது. மெம்பிரேன் எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மேல்தாளின் அடிப்புறத்திலும் கீழ்த்தாளின் மேற்புறத்திலும் மின்கடத்தும் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். அவை ஒன்றையொன்று தொடாதபடி நடுத்தாள் பிரித்து வைத்திருக்கும். ஒவ்வொரு விசைக்கும் நேர் கீழே நடுத்தாளில் ஒரு துளை இருக்கும். இவற்றின் மேல் ரப்பர் குமிழ்கள் அமர்ந்திருக்கும். விரல் அழுத்தும்போது குமிழ் முதலில் எதிர்த்து நிற்கும், பிறகு திடீரென மடங்கிக் கீழே போகும், கீழே போய் அழுத்திய பின்னரே துளை வழியாக மேல்தாள் கீழ்த்தாளைத் தொட்டு எழுத்து பதிவாகும். ஆக, விரலுக்குச் செய்தி பாதையின் தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது, எழுத்தோ பாதையின் முடிவில்தான் விழுகிறது. இந்த இடைவெளிதான் இவ்வகைப் பலகையின் அடிப்படைக் குறை. ஒவ்வொரு விசையையும் தரைதட்டும்வரை அழுத்தும் பழக்கம் நமக்கு இங்கிருந்துதான் வந்தது. தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் லோயரும் ஹையரும் முடித்துவிட்டுக் கணினிக்கு வந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் ஆழமானது. அச்செழுத்து தாளில் பதிய வேண்டுமானால் அங்கே ஓங்கித்தான் அடித்தாக வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு ரப்பர் குமிழை இகழ்வது நியாயமாகாது. விலை குறைவு, ஓசை குறைவு, தாள்களுக்கிடையே எளிதில் தூசி புகாது. ஒரு நாளைக்கு இரண்டு கடிதமும் நான்கு விடையும் எழுதுகிறவருக்கு இதைவிட அதிகம் தேவையில்லை. வேறொன்று வாங்கும்படி அவரைத் தூண்டுவது வீண் செலவுக்கு வழிகாட்டுவதாகும்.

மடிக்கணினியில் இருப்பதும் பெரும்பாலும் அதே குமிழ்தான். ஆனால் அதைச் சுற்றிக் கத்தரிக்கோல்போல் குறுக்காகக் கோத்த இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள் விசை மூடியைத் தாங்கும். விசையின் ஓரத்தில் அழுத்தினாலும் மூடி சாயாமல் நேராக இறங்குவது இதனால்தான். இறங்கும் தொலைவு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் மேலே கிடைக்கும் செய்திக்கும் கீழே விழும் எழுத்துக்கும் இடையிலுள்ள தொலைவும் சுருங்கிவிடுகிறது. அதனால் நல்ல கத்தரி அமைப்பில் வேகமாக எழுத முடிகிறது. அளவுக்கு மீறிச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிள் 2015இல் கொண்டுவந்த வண்ணத்துப்பூச்சி அமைப்பு சாட்சி. நுண்ணிய தூசி புகுந்தாலும் விசை சிக்கிக்கொண்டது, அல்லது எழுத்து இரட்டித்தது. 2018இல் அந்நிறுவனம் அவற்றை இலவசமாகப் பழுதுபார்த்துத் தரும் திட்டத்தை அறிவித்தது; 2019 இறுதியில் வெளியிட்ட 16 அங்குல மடிக்கணினியில் மறுபடியும் கத்தரிக்கே திரும்பியது. மடிக்கணினியின் விசைகளை நாம் தனியே தேர்ந்தெடுத்து வாங்க முடியாது என்பதால் இதை இத்துடன் விடுகிறேன்.

உண்மையில் தேர்வு தொடங்கும் இடம் மெக்கானிக்கல் சுவிட்ச். இன்று சந்தையில் உள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவை, ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களின் முதற்பாதியில் உருவாக்கிய எம்எக்ஸ் என்னும் வடிவத்தின் வழிவந்தவை. அதன் காப்புரிமை காலாவதியான பிறகு கேட்டரான், கெய்ல், அவுட்டெமு முதலிய சீன நிறுவனங்கள் அதே வடிவத்தைத் தயாரிக்கத் தொடங்கின. சிலவற்றில் மூலத்தைவிட வழுவழுப்பாகவும் செய்கின்றன.

இந்தச் சுவிட்ச் ஒன்றைப் பிரித்து மேசைமேல் பரப்பினால் பொருள்கள் மிகக் குறைவு: மேலுறை, கீழுறை, நடுவில் இறங்கி ஏறும் தண்டு, அதன் அடியில் ஒரு சுருள்வில், பக்கவாட்டில் இரண்டு உலோகத் தகடுகள். தண்டின் தலையில் கூட்டல் குறி வடிவில் உள்ள நீட்சியின்மேல்தான் விசை மூடி பொருந்தும். பார்க்க எளிமையாக இருந்தாலும் இயங்கும் விதம் நாம் நினைப்பதற்கு நேர்மாறானது. விசையை அழுத்தும்போது தகடுகளும் அழுத்தப்பட்டு ஒன்றாகின்றன என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அப்படியன்று. விசை சும்மா இருக்கும்போதுதான் தண்டின் பக்கவாட்டுக் கால்கள் அசையும் தகட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்டு கீழே இறங்கும்போது அந்தக் கால்கள் விலகிக்கொள்கின்றன. விடுபட்ட தகடு தன் வில்தன்மையால் தானே போய் எதிர்த்தகட்டில் சேர்கிறது. எம்எக்ஸ் வகையில் தண்டு இறங்கும் முழுத் தொலைவு 4 மில்லிமீட்டர். எழுத்து பதிவாவது பாதி வழியில், ஏறத்தாழ 2 மில்லிமீட்டரில். மீதிப் பாதையில் எழுத்தைப் பொறுத்தவரை எந்த வேலையும் இல்லை.

மூன்று பெரும் வகைகள் பிரிவது அந்தத் தண்டின் கால்களில்தான். கால்கள் நேர்ச்சரிவாக இருந்தால் விரல் இறங்கும் பாதை முழுவதும் தடையின்றி ஒரே சீராக இருக்கும், இது லீனியர். கால்களில் சிறு மேடு ஒன்று இருந்தால் தகடு அதைக் கடக்கும்போது விரலுக்கு ஓர் இடறல் தெரியும், இது டாக்டைல். தண்டு இரண்டு துண்டுகளாகி, அதிலொரு துண்டு பாதிவழியில் துள்ளிக் கீழே அடித்து "டிக்" என்று ஒலித்தால் அது கிளிக்கி. செர்ரியில் முதல் வகைக்கு 45 கிராம் அளவு அழுத்தம் கேட்கும் சிவப்பும் 60 கிராம் கேட்கும் கறுப்பும் உண்டு. இரண்டாம் வகைக்குப் பழுப்பு, மூன்றாம் வகைக்கு நீலம் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை.

லீனியர் வகை கைக்கு மிக இனிமையானது. கடையில் தட்டிப் பார்க்கும் ஐந்து நிமிடத்தில் பெரும்பாலோரைக் கவர்வது அதுதான். ஆனால் எழுத்து எங்கே பதிவாகிறது என்று அது விரலுக்குச் சொல்வதே இல்லை. எனவே விரல் பாதுகாப்புக்காக ஒவ்வொரு முறையும் தரைவரை போய்விடும். அப்படிப் போனால் 2 மில்லிமீட்டரில் பதிவாகும் நன்மை எழுதுகிறவருக்கு ஏறக்குறைய வீணாகிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. யோசிக்கும்போது விரல்களை விசைகளின்மேல் வைத்துக்கொண்டிருப்பது எழுதுகிறவர்களின் வழக்கம். மென்மையான லீனியரில், அதிலும் 1.2 மில்லிமீட்டரிலேயே பதிவாகும் வெள்ளி நிற விரைவுச் சுவிட்சில், யோசனை நீளும்போது திரையில் புள்ளிகளும் பகரங்களும் முளைத்திருக்கும். தமிழ்99இல் இரண்டு சுட்டுவிரல்களும் அமர்வது அவற்றின்மேல்தான்.

நீலச் சுவிட்சைப் பற்றி எழுதுகிறவர்களிடையே ஒரு காதல் கதையே உண்டு. பழைய தட்டச்சு இயந்திரத்தின் நினைவு அதில் இருக்கிறது என்பார்கள். செய்தி தெளிவாக, விரலுக்கும் காதுக்கும் ஒருங்கே வருகிறது என்பது உண்மை. ஆனால் அதன் இரு துண்டுத் தண்டினால், பதிவாகும் புள்ளியும் விடுபடும் புள்ளியும் வெவ்வேறு உயரங்களில் அமைந்துவிடுகின்றன. அழுத்திய விசையை மறுபடி அழுத்தினால் இரண்டாவது எழுத்தாக எண்ணப்பட வேண்டுமென்றால், விரலை நன்றாக மேலே தூக்கிவிட்டு இறக்க வேண்டும். ஆங்கிலத்தில் இது அவ்வப்போது வரும் சங்கடம். "பக்கத்துவீட்டுப் பட்டப்பெயர்" என்று தட்டிப் பாருங்கள். தமிழில் ஒற்று இரட்டிக்காமல் ஒரு வரி நகராது, தமிழ்99இல் அந்த இரட்டிப்பு அனைத்தும் ஒரே விசையை அடுத்தடுத்துத் தட்டுவதுதான். வேகமாகத் தட்டும்போது நீலத்தில் எனக்கு "பக்கம்" சில சமயம் "பகம்" ஆனது. முதலில் சொன்ன பழுதுக்கு நேர் எதிரான பிழை இது. கிளிக் ஓசை வேண்டும் என்றே இருப்பவர்களுக்கு கெய்ல் நிறுவனத்தின் பாக்ஸ் வெள்ளை மேலானது. அதில் துள்ளும் துண்டுக்குப் பதிலாக ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. ஓசை இறங்கும்போதும் ஏறும்போதும் கேட்கிறது. மின்தொடுகை தனிப் பெட்டிக்குள் மூடப்பட்டிருப்பதால் தூசியும் ஈரமும் எளிதில் நெருங்குவதில்லை.

டாக்டைல் வகையே எழுதுகிறவருக்கு உரியது என்பது என் முடிவு. இடறல் பதிவாகும் புள்ளியை ஒட்டி வருவதால், அதைக் கடந்தவுடன் விரல் திரும்பிவிடலாம் என்பதைச் சில வாரங்களில் கை தானே கற்றுக்கொள்கிறது. தரைதட்டும் ஓசை குறைகிறது; விரல்நுனியில் மாலைக்குள் சேரும் அந்த மெல்லிய வலியும் குறைகிறது. ஆனால் எல்லோரும் பரிந்துரைக்கும் செர்ரி பழுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் இடறல் மிகச் சிறியது; மணல் படிந்த லீனியர் என்று சிலர் கேலி செய்வதில் உண்மை இருக்கிறது. வேகமாக எழுதும்போது அது விரலுக்குத் தெரியாமலே போய்விடும். இடறல் இன்னும் தெளிவாக உள்ள சுவிட்சுகள் இப்போது பல வந்துவிட்டன. போபா யூ4 போன்றவற்றில் இடறல் உருண்டையாகவும் பெரிதாகவும் இருப்பதோடு தண்டின் முனைகளில் ரப்பர் மெத்தையும் உண்டு என்பதால் ஓசையும் மிகக் குறைவு.

நிறத்தை நம்பி வாங்குவதில் உள்ள ஆபத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். செர்ரியின் "கிளியர்" என்பது அழுத்தமான டாக்டைல். கேட்டரானின் "கிளியர்" என்பது 35 கிராம் அளவிலேயே இறங்கிவிடும் மிக மென்மையான லீனியர். பெயர் ஒன்று, பொருள் இரண்டும் நேரெதிர். பெட்டியில் எழுதியுள்ள நிறத்தை விட்டுவிட்டு வகை, பதிவாகும் தொலைவு, கிராம் அளவு ஆகியவற்றைப் படிக்க வேண்டும்.

அந்தக் கிராம் கணக்கு அற்பமாகத் தோன்றலாம். "எழுதுகிறேன்" என்று தமிழ்99இல் எழுத 11 தட்டல்கள் வேண்டும். சொல்லுக்குச் சராசரி 8 என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு 3,000 சொற்கள் எழுதுகிறவர் 24,000 முறை தட்டுகிறார். 45 கிராமுக்கும் 60 கிராமுக்கும் உள்ள 15 கிராம் வேறுபாட்டை அத்தனை முறை கூட்டினால் 360 கிலோ வருகிறது. இப்படிக் கூட்டுவதை இயற்பியல் ஆசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார், சுண்டுவிரல் ஒப்புக்கொள்ளும். ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ண, ள, ற என்று வரும்போதெல்லாம் ஷிப்டை அழுத்திப் பிடிப்பது அந்த நோஞ்சான் விரல்தான். தமிழ்99இல் கிரந்த எழுத்துகளுக்குத் தவிர ஷிப்ட் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை என்பதால் சற்றுக் கனமான சுவிட்சும் தாங்கும். அவரவர் தட்டும் முறையைக் கணக்கில் கொள்ளாமல் இன்னொருவரின் எடைப் பரிந்துரையை அப்படியே ஏற்பதற்கில்லை.

அதே கணக்கு ஆயுளைப் பற்றிய விளம்பரங்களையும் அளக்க உதவுகிறது. தட்டல்களில் எட்டில் ஒன்று புள்ளி விசைக்குப் போகிறது என்று கொண்டால் நாளுக்கு 3,000; ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் 9 லட்சம். மெக்கானிக்கல் சுவிட்சுகளுக்கு 5 கோடி, 10 கோடித் தட்டல் ஆயுள் என்று எழுதியிருப்பார்கள். 5 கோடி என்பதே 55 ஆண்டுகளுக்கு வரும். ரப்பர் குமிழுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 50 லட்சம் முதல் 1 கோடிவரை. அதாவது நாள் முழுவதும் எழுதுகிறவரிடம் ஐந்தாறு ஆண்டுகளிலிருந்து பதினோரு ஆண்டுவரை. மெக்கானிக்கலில் நம் பேரப்பிள்ளைகள்வரை எட்டும் அந்த எண்ணைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. சுவிட்ச் பெரும்பாலும் எண்ணிக்கை முடிந்து சாவதில்லை, தொடுகை அழுக்கடைந்து சாகிறது.

என் டகரத்துக்கு நேர்ந்ததும் அதுதான். உலோகம் உலோகத்தில் மோதும்போது ஒரேயடியாக ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் போட்ட பந்துபோல நுண்ணிய அளவில் சில முறை துள்ளிவிட்டே அடங்கும். எனவே விசைப்பலகையின் உள்மென்பொருள் முதல் தொடுகைக்குப் பிறகு சில மில்லிநொடிகள் காதைப் பொத்திக்கொண்டிருக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. தகட்டில் தூசியோ அரிப்போ படிந்தால் துள்ளல் அந்தக் காத்திருப்பையும் தாண்டி நீள்கிறது. ஒரு தட்டல் இரண்டாகிறது. செர்ரி முதலிய தரமான சுவிட்சுகளில் தொடும் முனைகளுக்குத் தங்கம் சேர்ப்பது அழகுக்காக அன்று, தங்கம் அரிக்காது. கடற்கரை ஊரில் சன்னலோரம் மேசை போட்டிருப்பவர்கள் இதை மனத்தில் வைப்பது நல்லது.

அப்படியானால் தொடுகையே இல்லாத சுவிட்ச் சிறந்ததல்லவா என்ற கேள்வி எழும். அத்தகையவை மூன்று உண்டு. ஒளிச் சுவிட்சில் தண்டு இறங்கும்போது அகச்சிவப்புக் கதிர் ஒன்று தடுபடுகிறது அல்லது திறக்கிறது. அதைப் பலகையில் உள்ள உணரி கவனிக்கிறது. காந்தச் சுவிட்சில் தண்டில் ஒரு சிறு காந்தம் இருக்கும். அது நெருங்குவதை, எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவைக் கொண்டு, கீழேயுள்ள உணரி அளக்கும். இங்கே "அழுத்தப்பட்டது, அழுத்தப்படவில்லை" என்னும் இரண்டு நிலைகளுக்குப் பதிலாக, தண்டு எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதே தொடர்ச்சியாகத் தெரிகிறது. எனவே பதிவாகும் புள்ளியை 0.1 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டர்வரை நாமே அமைத்துக்கொள்ளலாம். நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் இதைக் கொண்டு பரவலாக்கிய விரைவுத் தூண்டல் என்னும் வசதியில், விரல் எந்த ஆழத்தில் இருந்தாலும் சற்றே மேலெழுந்தவுடன் விசை விடுபட்டதாகவும், சற்றே இறங்கியவுடன் மறுபடி அழுத்தப்பட்டதாகவும் கொள்ளப்படும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் இதனால் கிடைக்கும் அனுகூலம் சிறியதன்று. எதிரெதிர்த் திசை விசைகளைப் பலகையே கையாண்டுவிடும் இன்னொரு வசதியை, கவுன்டர் ஸ்டிரைக் 2 விளையாட்டில் 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் தடை செய்யும் அளவுக்கு விஷயம் முற்றியது.

விளையாடுகிறவர்களுக்குக் காந்தமே சரி. அதில் எனக்கு மறுப்பில்லை. எழுதுகிறவருக்கு அது அரைகுறையாகவே பொருந்துகிறது. சந்தையில் உள்ள காந்தச் சுவிட்சுகள் பெரும்பாலும் லீனியர். எழுத்து எங்கே விழுகிறது என்று விரலுக்குச் சொல்லாத அதே குறை அவற்றிலும் இருக்கிறது. தொடுகைத் துள்ளல் இல்லாதது மட்டும் உண்மையான நன்மை. பதிவாகும் புள்ளியை 2 மில்லிமீட்டரைவிட ஆழத்தில் தள்ளி வைத்துக்கொண்டால் காந்தப் பலகையில் எழுதலாம்தான். ஆனால் அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது, பந்தயக் காரை வாங்கி அதில் காய்கறிச் சந்தைக்குப் போவதாகும்.

மூன்றாவது, ஜப்பானின் டோப்ரே. அதில் ரப்பர் குமிழே விரலுக்கு உணர்வைத் தருகிறது. ஆனால் குமிழின் உள்ளே கூம்பு வடிவச் சுருள்வில் ஒன்று இருக்கிறது. அது அமுங்கும்போது மாறும் மின்தேக்கத்தை அளந்து எழுத்து பதிவாகிறது. தாள்கள் தொட வேண்டியதில்லை, எனவே தரைதட்ட வேண்டியதும் இல்லை. கணினி அறிஞர் எயீட்டி வாடா வகுத்த ஹேப்பி ஹேக்கிங் விசைப்பலகையின் உயர்வகைகளில் இதுதான் பயன்படுகிறது. நான் தொட்டவற்றில் கைக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். வாங்கினாயா என்று கேட்டால் இல்லை என்பேன். விலை ஒரு சாதாரண மடிக்கணினியை எட்டிப்பார்க்கிறது. ஒரு விசை கெட்டால் அதன் சுவிட்சை மட்டும் நாமே பிடுங்கி மாற்ற முடியாது. மூன்றாம் கேள்வியில் அது தோற்றுவிடுகிறது.

விரலுக்கு வரும் செய்தியும் எழுத்து விழும் நொடியும் முழுமையாக ஒன்றிணைந்த அமைப்பு ஒன்று உண்டு. ஐபிஎம் நிறுவனம் 1981இல் தன் முதல் பிசியோடு தந்த எஃப் மாதிரியிலும், பின்னர் 1985இல் வந்த எம் மாதிரியிலும் இருந்த மடங்கும் சுருள்வில் அது. விசை இறங்க இறங்க வளையும் வில், ஒரு கட்டத்தில் தாங்காமல் சட்டென்று பக்கவாட்டில் மடங்கும். மடங்கும்போது தன் காலடியில் உள்ள சிறு தகட்டைப் புரட்டும். இடறல், ஓசை, எழுத்து மூன்றும் அந்த ஒரே செயலின் விளைவு. அமெரிக்காவின் யூனிகாம்ப் இன்றும் அதைத் தயாரிக்கிறது. எழுத்தின் கோணத்தில் மட்டும் பார்த்தால் இதைவிட நேர்மையான சுவிட்ச் இல்லை. ஆனால் இரண்டு அறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்குமேல் இதில் எழுதுகிறவர், நீண்ட நாள் அங்கே குடியிருக்க முடியாது.

ஓசையைப் பொறுத்தவரை இன்னொன்றும் சொல்ல வேண்டும். காணொளிகளில் கேட்கும் ஆழ்ந்த "தொக்" ஒலிக்குச் சுவிட்ச் மட்டும் காரணமன்று. விசை மூடியின் கனம், சுவிட்சுகள் பொருந்தும் தகடு உலோகமா பிளாஸ்டிக்கா என்பது, பெட்டிக்குள் நுரை வைக்கப்பட்டிருக்கிறதா என்பது, பலகைக்கும் மேசைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது எல்லாம் சேர்ந்ததே அந்த ஒலி. என் பலகையின் அடியில் மடித்த பழைய துண்டு ஒன்றை விரித்ததும் குறைந்த ஓசை, ஊமைச் சுவிட்சுக்கு மாறியபோது குறைந்ததற்குச் சளைத்ததன்று.

இவ்வளவையும் வைத்து நான் தேர்ந்தது, தெளிவான இடறலும் ரப்பர் மெத்தையும் கொண்ட டாக்டைல் சுவிட்ச், அதுவும் சுவிட்சைப் பிடுங்கிச் செருகும் வசதியுள்ள பலகையில். ஹாட் ஸ்வாப் எனப்படும் இந்த வசதியைத்தான் மற்ற எதையும்விட முதலில் பார்க்கச் சொல்வேன். வகையை நாம் தவறாகத் தேர்ந்திருந்தாலும் பலகையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரு விசை மட்டும் இரட்டித்தால் சில பத்து ரூபாய்க்குள் ஒரு சுவிட்சை வாங்கி மாற்றிவிடலாம். சுண்டுவிரல் தொடும் விசைகளுக்கு மட்டும் மென்மையானவற்றையும் செருகிக்கொள்ளலாம். தனியறையில் எழுதுகிறவர் மெத்தையில்லாத டாக்டைலையோ பாக்ஸ் வெள்ளையையோ எடுக்கலாம். மெத்தை வைத்த சுவிட்சில் தரைதட்டும்போது தெரியும் சற்றே சதசதப்பான உணர்வு அவற்றில் இருக்காது. எழுத்தைவிட விளையாட்டுக்கு அதிக நேரம் செலவிடுகிறவர் காந்தத்துக்குப் போகலாம்.

முடிவெடுக்குமுன், பல வகைச் சுவிட்சுகளை ஒரு சிறு கட்டையில் பொருத்தி விற்கும் மாதிரித் தொகுப்பு ஒன்றை வாங்குவது வழக்கம். அதை ஓரளவே நம்பலாம். ஒற்றை விரலால் மெதுவாக அமுக்கிப் பார்க்கும்போது எல்லா இடறலும் பெரிதாகத் தெரியும், எல்லா எடையும் லேசாகத் தெரியும். நண்பர் எவரிடமாவது முழுப் பலகை இருந்தால் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, ஒரு பக்கம் முழுவதும் தட்டிப் பார்த்த பிறகு கையைக் கேட்பதே நல்லது.

வாங்கும்போது கால்களின் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். சில சுவிட்சுகளுக்கு அடியில் இரண்டு உலோகக் கால்களும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தூணும் மட்டும் இருக்கும்; சிலவற்றுக்கு இருபுறமும் மேலும் இரண்டு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். முன்னதை மூன்று கால், பின்னதை ஐந்து கால் என்பார்கள். மூன்று கால் சுவிட்ச் எந்தப் பலகையிலும் உட்காரும். ஐந்து கால் சுவிட்ச் மூன்று துளைப் பலகையில் உட்காராது. தெரியாமல் வாங்கிவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டாம். அந்த இரண்டு பிளாஸ்டிக் கால்களுக்கும் நிமிர்த்தி நிறுத்துவதைத் தவிர வேறு வேலை இல்லை. நான் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நகவெட்டியால் நறுக்கினேன்.